கச்சானில் போன 25 நாள்: ஒரு பாடசாலைக் கட்டடமும் ஒரு பகுதிநேரப் பாடநெறியும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில், எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) மணலில், 80 அடிக்கு 25 அடியில் ஓர் இரு மாடிப் பாடசாலைக் கட்டடம். ஒப்பந்தத் தொகை 4 கோடி ரூபா. மே 1 தொடக்கம் 240 நாள் என்பதால் டிசம்பர் 26 அன்று கையளிக்க வேண்டும். கையளித்தது பெப்ரவரி 20. தாமதம் 56 நாள். ஒப்பந்தகாரர் கேட்ட கால நீடிப்பு 47 நாள், கிடைத்தது 6 நாள். மிச்சம் 50 நாளுக்குத் தாமதக் கழிவு. ஒப்பந்தத் தரவில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் என்று இருந்தது. நாளுக்கு 20,000 ரூபாவாக 10 இலட்சம் ரூபா கடைசிப் பில்லில் கழிபட்டது.

இந்தத் தளத்தின் முகாமையாளர் அந்த வருடம் முழுதும் பல்கலைக்கழகமொன்றில் பகுதிநேரமாகக் கட்டுமான முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்தார். "படிக்கிற ஆளை வச்சிருந்தும் இப்படியா?" என்று முதலாளி, அதாவது ஒப்பந்தகாரர், கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பாடநெறி எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை, எப்படி மாற்றினால் இந்த 10 இலட்சத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

தளமும் ஆளும் வகுப்பறைக்காகக் கோத்தெடுத்தவை. இப்பக்கத்துச் சைட்டுகளில் வழமையாக நடக்கும் பிழைகளை ஒரே கட்டடத்தில் வைத்துப் பார்க்க அது வசதி. தேதிகளும் நாட் கணக்கும் இந்த மாதிரிக்கு உரியவை. ஒப்பந்த விதிகளும் பொறியியற் கணக்கும் நடைமுறையில் உள்ளபடியே.

ஆளும் படிப்பும்

முகாமையாளருக்கு வயது 34. தொழில்நுட்பக் கல்லூரியில் தேசியத் தொழில்நுட்பச் சான்றிதழ் முடித்து, சைட்டில் 11 வருடம் நின்றவர். மூலைமட்டம் பிடிப்பது, டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வாசிப்பது, கம்பி அட்டவணை போடுவது, பி.ஓ.கியூவை (வேலை அளவுப் பட்டியலை) பார்த்துச் சீமெந்தும் மணலும் சல்லியும் பிரிப்பது எல்லாம் கைவந்த வேலை. மேசன்மார் இவரை ஏய்க்க முடியாது. ஆனால் கடிதம் எழுதுவது முதலாளியின் வேலை என்று நினைத்திருந்தார். முதலாளியோ அது சைட்டில் நிற்பவரின் வேலை என்று நினைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கிழக்கில் படிக்க வழி இல்லாமல் இல்லை. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. தொழிற்தகைமை வழியாக வருபவர்களுக்கு என்.வி.கியூ (தேசியத் தொழிற்தகைமை) ஏணி ஏழு படி: முன்னனுபவத்தை மதிப்பிட்டு மேசன் ஒருவருக்கு 3, 4 வரை கொடுக்கலாம், 5, 6 டிப்ளோமாக்கள், 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் உள்ள யுனிவோடெக் (தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம்) இந்த ஏணியில் ஏறி வருபவர்களுக்காகவே தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். வழி உண்டு, நேரம்தான் இல்லை. செய்முறை வகுப்புக்கும் பரீட்சைக்கும் கொழும்புக்குப் போக வேண்டிய பாடநெறி என்றால், இரவு ரயில் ஏறி மறுநாள் வகுப்பில் தூங்கிவிழுந்து, அடுத்த இரவு திரும்பி, விடிய 7 மணிக்குச் சைட்டில் நிற்க வேண்டும். கொங்கிரீட் போடுகிற கிழமை அது வந்தால் வகுப்பு போகும், அல்லது கொங்கிரீட் கெடும்.

முதல் 16 நாள்

மே 1 தொடக்கத் தேதி. காணியில் பழைய வகுப்பறை ஒன்று நின்றது. அதை இடித்து அகற்றிக் கொடுப்பது வேலை கொடுத்த தரப்பின் பொறுப்பு. இடித்து முடித்துக் காணி கைக்கு வந்தது மே 17. வேலையை மேற்பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு (டி.ஓ.) தெரியும், அதிபருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். முகாமையாளரின் கைப்பேசியில் இடிபாட்டின் படங்கள் தேதியோடு கிடந்தன. ஒரு கடிதம் மட்டும் போகவில்லை.

பிடிக் (FIDIC) என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் சம்மேளனத்தின் மாதிரி ஒப்பந்தமான 1999 செந்நூலில் 20.1 ஆம் வாசகம் இதில் மிகக் கறார். கால நீடிப்போ கூடுதல் பணமோ கேட்க நினைக்கும் ஒப்பந்தகாரர், காரணமான நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை போயிற்று. விபரமான கோரிக்கைக்கு 42 நாள் இருக்கிறது, ஆனால் முதல் அறிவித்தலுக்கு 28 தான். சீடாவின் (CIDA, இலங்கையின் கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபை) நியமக் கேள்வி (ரெண்டர்) ஆவணங்களில் பெரிய வேலைகளுக்கானவை இந்த வழியைத் தழுவியவை. சிறு வேலைகளுக்கானவற்றின் அமைப்பு வேறு. ஆகவே கையில் இருக்கிற ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்துச் சைட் ஒப்பந்தத்தை அல்ல.

அறிவித்தலில் பெரிய இலக்கியம் தேவையில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்த வாசகத்தின் கீழ், எந்த வேலை நிற்கிறது, விபரமான கோரிக்கை பின்னால் வரும். அரைப் பக்கம். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள முகவரிக்குப் போய், பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். சைட் கூட்டத்தில் வாயால் சொன்னது அறிவித்தல் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் ஒப்பந்தம் அதை அனுமதித்தால் ஒழிய ஆகாது. இந்த அரைப் பக்கம் போகாததன் நேரடி விலை 16 நாள், 320,000 ரூபா. நேரடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாரி வரும்போது அது பெருத்துவிடுகிறது.

ஸ்லாப் போட்ட நாள்

ஜூலை. மேல்மாடி ஸ்லாப். பரப்பு 186 சதுர மீற்றர், தடிப்பு 125 மி.மீ., ஸ்லாப்புக்கு 23 கன மீற்றர், பீம்களுக்கு 9, மொத்தம் 32 கன மீற்றர். கலவை 1:1½:3, கிரேட் 25. கன மீற்றருக்குச் சீமெந்து ஏறத்தாழ 8 பை, ஆக 256 பை.

ஒரு பை மிக்ஸர் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 0.125 கன மீற்றர் கொடுக்கும். நல்ல ஆட்கள் நின்றால் மணிக்கு 15 தடவை, அதாவது 1.9 கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மிக்ஸர் என்றால் 17 மணித்தியாலம். இரண்டு என்றால் எட்டரை. இந்தக் கணக்கைத் தாளில் போட இரண்டு நிமிடம் போதும். போடவில்லை. இரண்டு மிக்ஸர் சொல்லியிருந்தார்கள், காலை 8.30க்கு ஒன்றுதான் நின்றது. மற்றது வந்தது 11.30க்கு. அதுவரை விழுந்தது ஐந்தரைக் கன மீற்றர். இரண்டும் ஓடி முடிய மாலை 6.30.

ஜூலையில் மட்டக்களப்பில் கச்சான் அடிக்கும். மேற்கே மலைகளில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த தரை மேலால் வரும் வரண்ட சூட்டுக் காற்று. புதுக் கொங்கிரீட்டின் மேற்பரப்பில் இருந்து மணிக்கு எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதைக் காற்று வெப்பம், கொங்கிரீட் வெப்பம், ஈரப்பதன், காற்று வேகம் ஆகிய நான்கையும் வைத்து ஒரு சூத்திரத்தால் கணிக்கலாம். காற்று 34 பாகை, கொங்கிரீட் 33 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம், காற்று மணிக்கு 25 கி.மீ. என்று போட்டால் விடை சதுர மீற்றருக்கு மணிக்கு 1.28 கிலோ. 1 கிலோவைத் தாண்டினால் வெடிப்பு வரும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதிகாலை 28 பாகை, கொங்கிரீட் 29 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம், காற்று 8 கி.மீ. என்று போடுங்கள்: 0.26. அதே ஊர், அதே நாள், ஐந்து மடங்கு வித்தியாசம். முழு ஸ்லாப்பும் திறந்து கிடந்தால் நடுப்பகலில் மணிக்கு 238 லீற்றர், ஒரு பெரிய தண்ணீர்ப் பீப்பாவுக்கு மேல், காற்றோடு போகிறது.

கொங்கிரீட்டின் அடியில் இருந்து மேலே ஊறும் நீர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மேற்பரப்பு சுருங்கும், கீழே உள்ளது சுருங்காது, கொங்கிரீட்டுக்கு அப்போது இழுவிசை தாங்கும் பலமே இல்லை. 45 பாகையில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக வெடிப்புக் கோடுகள். காலையில் போட்ட மூன்று பகுதிகளில் மறுநாள் விடியக் கண்டது அதைத்தான். சாக்கு நனைத்துப் போட்டதும் மறுநாள் விடியத்தான். வெடிப்பு அதற்கு முன்பே, மத்தியானம் 12க்கும் 3க்கும் இடையில் விழுந்திருக்கும். கொங்கிரீட் இறுகுவதற்கு முன் கண்டிருந்தால் மரத்தட்டால் மறுபடி தட்டித் தேய்த்தே மூடியிருக்கலாம்.

இதோடு தண்ணீர்ப் பிரச்சினை. சூட்டில் கலவை சீக்கிரம் இறுகுகிறது. "மனே, கலவை இறுக்கமாக் கிடக்கு, இன்னொரு வாளி ஊத்தட்டா?" என்று மிக்ஸரடியில் நிற்கும் பெரியவர் கேட்பார். சரி என்றால் அந்த வாளி பலத்தில் கழிபடும். நீர்–சீமெந்து விகிதம் 0.5 என்றால் 50 கிலோ பைக்கு மொத்தம் 25 லீற்றர். அதிலும் மணல் ஈரமாக இருந்தால் மணலில் இருக்கும் நீரைக் கழிக்க வேண்டும். ஒரு பைக்குரிய மணல் ஏறத்தாழ 79 கிலோ, 5 சதவீத ஈரம் என்றால் 4 லீற்றர். ஆக ஊற்ற வேண்டியது 21 தான். ஈர மணல் பொங்கி இடம் பிடிக்கும் என்பதால் பெட்டியில் மணலும் குறைவாக விழும். அளவுப் பெட்டிக்கு நல்ல அளவு ஒன்று: 350 க்கு 300 க்கு 250 மி.மீ. ஒரு பை சீமெந்துக்கு இந்தப் பெட்டியால் மணல் இரண்டு, 20 மி.மீ. சல்லி நான்கு. தாச்சிக் கணக்கில் போட்டால் மத்தியானத்துக்குப் பின் தாச்சி மெலியும், ஆட்கள் களைத்துவிடுவார்கள். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கு எடுப்பது இன்னொரு பழக்கம். உப்புச் சுவை தெரிந்தால் வேண்டாம், பவுசரில் எடுங்கள். கம்பி துருப்பிடிப்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும், அப்போது இந்த முகாமையாளர் அங்கே இருக்கமாட்டார்.

வெடிப்பால் இழந்தது 9 நாள். வெடிப்புகளை அளந்து படம் போட்டது, 7 நாள் கியூப் (கொங்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்ப்பது) முடிவுக்குக் காத்திருந்தது, தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்த்தது, ஊடுருவிய இரண்டில் எப்பொக்சி ஏற்றியது. அதுவரை மேல்மாடித் தூண் வேலைக்கு அனுமதி இல்லை. இந்த 9 நாளுக்கு யாரிடமும் நீடிப்புக் கேட்க முடியாது, முழுக்க ஒப்பந்தகாரர் பக்கப் பிழை. கேட்டது 56 அல்லாமல் 47 ஆனது அதனால்தான்.

இதற்குத் திட்டம் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? முந்திய நாளே இரண்டு மிக்ஸரையும் சைட்டில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது, மூன்றாவதைச் சொல்லி வைப்பது. வைபிரேட்டர் இரண்டு, உபரி ஒன்று. விடிய 4 மணிக்குத் தொடக்கம், 12.30க்கு முடிவு. காற்று எழுகிற 10 மணிக்குள் மூன்றில் இரண்டு பங்கு விழுந்திருக்கும். மிச்சத்துக்கு மேற்குப் பக்கம் தகரம் அல்லது தறப்பாள் மறைப்பு, தேய்த்த கையோடு பொலித்தீன், பிறகு ஈரச் சாக்கு, 7 நாளுக்குக் காயவிடாமல். ரெடிமிக்ஸ் கிடைத்து லொறிக்குப் பாதையும் இருந்தால் அரை நாளில் முடியும், ஆனால் பல பாடசாலை ஒழுங்கைகள் அதற்கு இடம் கொடா. இடையில் நிறுத்த நேர்ந்தால் எங்கே நிறுத்துவது என்பதும் முதலே குறித்திருக்க வேண்டும்: இரண்டு பீம்களுக்கு இடைப்பட்ட இடைவெளியின் நடு மூன்றிலொரு பங்கில், நிமிர்ந்த பலகை அடித்து. தாங்கும் பீமுக்குப் பக்கத்தில் கலவையைச் சரிவாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது கூடவே கூடாது.

மாரி

முதல் வேலைத்திட்டத்தில் கூரை செப்டெம்பர் 20 தொடங்கி ஒக்டோபர் 20 முடிகிறது. அது புத்தியான திட்டம், முகாமையாளர்தான் போட்டார். கூரை மூடிவிட்டால் பூச்சு, தளம், கதவு, வயரிங் எல்லாம் மழையிலும் நடக்கும். 16 உம் 9 உம் சேர்ந்து 25 நாள் பின்னால் தள்ளியதில் கூரை ஒக்டோபர் 15 தொடங்கி நவம்பர் 14 முடிய வேண்டியதாயிற்று. அதுதான் வடகீழ்ப் பருவ மழைக்குக் கதவு திறக்கிற காலம். மழையும், பெரும்போக விதைப்புக்குப் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) ஆட்கள் வயலுக்குத் திரும்பியதும் சேர்ந்து, கூரை முடிந்தது டிசம்பர் 15. இன்னும் 31 நாள்.

கோரிக்கையில் 31 நாளும் மழை என்று எழுதினார்கள். செந்நூல் 8.4 இல் சொல்லப்படுவது வெறும் மழை அல்ல, வழமைக்கு மிஞ்சிய பாதகமான காலநிலை. மட்டக்களப்பில் நவம்பரில் மழை பெய்யும் என்பது அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் பொறியியலாளர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு நிலையத் தரவை எடுத்தார். இந்த மாதிரியில், அந்தக் காலத்தில் 10 மி.மீ.க்கு மேல் பெய்த நாள் 21, அதே காலத்துக்குச் சராசரி 15. மிகை 6. கொடுத்தது 6.

மிச்சத்தைக் காட்ட வேண்டியது தளக் குறிப்பேடு. அதில் இருந்தது இப்படி:

"நவ. 14. மழை. வேலை இல்லை."

இருந்திருக்க வேண்டியது இப்படி:

"நவ. 14. மழை காலை 6.30 – 10.15. மழைமானி 8.30க்கு 22 மி.மீ., 10.30க்கு மேலும் 16. கூரை ட்ரஸ் தூக்கும் வேலை நிறுத்தம், 6 பேர் சும்மா. கீழ்மாடி உட்பூச்சு நடந்தது, 2 மேசன், 3 கூலி, 22 ச.மீ. பிற்பகல் 1.00க்கு ட்ரஸ் மீண்டும் தொடக்கம், 2 ஏற்றியது. சீட் லொறி வாசலில் புதைந்தது, 3.10க்கு எடுத்தது. டி.ஓ. 2.20க்கு வந்தார், ஒப்பமிட்டார்."

இரண்டாவதில் எந்த வேலை நின்றது, அது முக்கிய பாதையில் (பிந்தினால் முழு வேலையையும் பிந்தவைக்கும் வேலை வரிசையில்) உள்ளதா, எத்தனை மணி, ஆட்கள் எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தகாரருக்குப் பாதகமானதும் இருக்கிறது, பிற்பகல் வேலை நடந்தது என்பது. அதனால்தான் அதை நம்புவார்கள். சாதாரண பிளாஸ்டிக் மழைமானி ஒன்று, திறந்த வெளியில் ஒரு கம்பத்தில், திணைக்களம் வாசிக்கிற அதே காலை 8.30க்கு வாசித்தால் போதும். இடையில் நின்று பெய்த மழையை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

இனி மே மாதக் கடிதத்துக்குத் திரும்ப வேண்டும். அது போயிருந்தால் 16 நாள் மட்டும் அல்ல, இன்னொரு வாதமும் கையில் இருந்திருக்கும்: காணி பிந்தித் தந்ததால் கூரை வேலை காய்ந்த காலத்திலிருந்து மாரிக்குள் தள்ளப்பட்டது, ஆகவே அதன் விளைவான மழைத் தாமதத்தின் ஒரு பங்கும் அதே காரணத்தைச் சேரும். 25 நாள் தள்ளலில் 16 வேலை கொடுத்தவரால், 9 தன்னால். 31ஐ அப்படியே விகிதம் பிரித்து எடுத்துவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மறு வேலைத்திட்டம் போட்டு, எந்த நாள் எதனால் போனது என்று காட்டித்தான் வாதாட வேண்டும். ஆனால் வாதாட ஓர் இடம் இருந்திருக்கும்.

பாடநெறி எங்கே விலகியது

அந்தத் தவணையில் முகாமையாளர் படித்த பாடங்கள்: முகாமைத்துவக் கோட்பாடுகள், உயர்மாடிக் கட்டட முறைகள், கட்டுமானச் சட்டம், திட்டமிடல் மென்பொருள். கெட்ட பாடங்கள் இல்லை. கட்டுமானச் சட்டத்தில் 20.1 ஆம் வாசகம் வந்தது, செப்டெம்பர் மாதம், ஏழாவது விரிவுரையில். 28 நாள் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மென்பொருள் பாடத்தில் கொடுத்த ஒப்படை கொழும்பில் ஒரு 20 மாடிக் கட்டடம். அதன் வேலைத்திட்டத்தை இரண்டு இரவு இருந்து போட்டு நல்ல புள்ளி எடுத்தார். தன் சைட்டின் வேலைத்திட்டம் மே மாதத்துக்குப் பிறகு ஒரு தடவையும் திருத்தப்படவில்லை.

நேரக் கணக்கும் பார்க்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம். தவணைக்கு 6 கிரெடிட் எடுத்தால் 300 மணி. 20 வாரத்தில் வாரம் 15. ஞாயிறு வகுப்பில் 6 போனால் மிச்சம் 9, ஆறு நாள் இரவு ஒன்றரை மணி. காலை 7 தொடக்கம் மாலை 6 வரை சைட்டில் நின்றவர், சாமான் கணக்கும் சம்பளக் கணக்கும் முடித்து வீட்டுக்கு வந்த பின். ஜூலையில் இது நடக்கவே நடக்காது. நடக்காதபோது பயிலுநர் செய்வது தெரிந்ததே, போன வருடத்து ஒப்படையை வாங்கிப் பெயர் மாற்றிக் கொடுப்பது.

ஆனால் அந்த 9 மணியில் பாதிக்கு மேல் அவர் எப்படியும் செய்தாக வேண்டிய வேலையாகவே இருக்கலாம். தளக் குறிப்பேடு, மூன்று வார முன்பார்வைத் திட்டம், கொங்கிரீட் திட்டம், அளவீட்டுப் பத்திரம், அறிவித்தல் கடிதம் ஆகியவற்றை ஒப்படையாக ஏற்றுக்கொண்டால் படிப்புக்கும் சைட்டுக்கும் இழுபறி குறையும். விரிவுரையாளர் சிலர் இதைத் தரம் குறைப்பதாக நினைப்பார்கள். 20 மாடிக் கட்டடத்துக்குக் கற்பனையில் வேலைத்திட்டம் போடுவதை விட, உண்மையில் பிந்திப்போன இரண்டு மாடிக்கு "ஏன் பிந்தியது" என்று நாளுக்கு நாள் காட்டுவது கடினமான வேலை. செய்யச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

காலத்தோடு போகிற நேரசூசி

பாட வரிசை கச்சானையும் மாரியையும் பார்த்துப் போட வேண்டியது. வேலைகள் தொடங்குகிற காலத்துக்கு முன், பெப்ரவரி முடிவதற்குள், ஒப்பந்தப் பாடம்: அறிவித்தல், 28 நாள், குறிப்பேடு, ஆரம்ப வேலைத்திட்டம். ஏப்ரலில் புதுவருட விடுமுறையோடு ஓய்வு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கொங்கிரீட் காலம், அப்போது மாதம் ஒரு ஞாயிறு போதும். மிச்சம் சைட் ஒப்படை. கொங்கிரீட் பாடம் மே மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும், ஜூலை ஸ்லாப்புக்குப் பிறகு படித்து என்ன செய்வது. ஒக்டோபர் பிற்பகுதியில் இருந்து ஜனவரி வரை வெளி வேலை மெலியும், அதுதான் விரிவுரைக்கும் மென்பொருளுக்கும் தகுந்த காலம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நேரம் கிடைக்கிற அதே நவம்பர், டிசம்பரில்தான் வெள்ளம் பாதையை மூடுகிறது. படுவான்கரையில் இருந்து நகருக்கு வர முடியாத ஞாயிறுகள் வரும். ஆகவே மாரித் தவணையின் வகுப்புகளில் பாதியாவது இணையவழியில் நடக்கும்படி இருக்க வேண்டும். கட்டாயச் செய்முறைகளை அந்த இரண்டு மாதத்தில் வைக்கவே கூடாது. செய்முறைக்குக் கொழும்பு வரை போகாமல், அம்பாறை மாவட்டத்திலேயே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனமும் இருப்பதைப் பாவிக்க ஏதாவது ஒழுங்கு செய்துகொள்வது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விஷயம். பயிலுநர் கையில் இல்லை.

வகுப்பு நாளும் யோசிக்க வேண்டியது. காத்தான்குடி, கல்முனைப் பக்கச் சைட்டுகள் வெள்ளி ஜும்ஆவுக்கு நிற்கும். அதை ஈடுசெய்ய ஞாயிறில் வேலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். தேவாலயம் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை கஷ்டம். எல்லாருக்கும் பொருந்துகிற நாள் கிடையாது. ஞாயிறு காலை 10 தொடக்கம் 4 என்று வைத்து, விரிவுரையைப் பதிவு செய்து கொடுத்தால் சேதம் குறையும். நோன்பு மாதத்தில் பிற்பகல் அமர்வைச் சுருக்குவது நல்லது.

மொழி பற்றி ஒரு நடைமுறை ஒழுங்கு. விரிவுரையும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில், சைட் தமிழில், அம்பாறையில் சிங்களத்திலும். குறிப்பேட்டைத் தமிழில் எழுத விடுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "மழை, வேலை இல்லை" தான் வரும். கடிதங்கள் ஆங்கிலத்தில் போக வேண்டியிருந்தால், ஐந்து கடித மாதிரிகளை வகுப்பிலேயே எழுதிப் பழக்கலாம்: காணி பிந்தியது, வரைபடம் பிந்தியது, கூடுதல் வேலைக்கு வாய்மொழிக் கட்டளை, மழை, கொடுப்பனவு பிந்தியது. வாய்மொழிக் கட்டளைக்கான கடிதம்தான் அதிகம் உதவும். "இதையும் செய்துவிடுங்கோ, பிறகு பார்ப்பம்" என்று சொன்னதை அன்று மாலையே எழுத்தில் உறுதிப்படுத்தினால் கடைசிப் பில்லில் தகராறு இல்லை.

முதலாளியின் பங்கு

பகுதிநேரப் படிப்பில் மூன்றாவது ஆள் ஒப்பந்தகாரர். அவர் சம்மதிக்காமல் சைட் ஆவணங்களை வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. விலைகளையும் பெயர்களையும் மறைத்துக் கொடுக்க அனுமதி, மாதம் ஒரு முழு ஞாயிறு விடுப்பு, அறிவித்தல் கடிதத்தில் கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு என்ற தெளிவு, இந்த மூன்றும் பதிவு நாளிலேயே எழுத்தில் வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடும். ஒப்பந்தகாரரின் பிரதிநிதி என்று ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்படாத முகாமையாளர் அனுப்பும் கடிதம் பிறகு கேள்விக்குள்ளாகலாம்.

பாடநெறிக் கட்டணத்தை முதலாளி கொடுப்பதா, அதற்காக இரண்டு வருடம் தன்னோடு நிற்க வேண்டும் என்று கட்டுவதா என்ற பேச்சு அடிக்கடி வரும். கட்டலாம். ஆனால் சம்பளமும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் படித்து முடித்த ஆள் கட்டாருக்குப் போய்விடுவார்.

மதிப்பீட்டைச் சைட்டிலேயே வைக்கலாம். ஆய்வாளர் ஒருவர் ஒரு தவணைக்கு ஒரு தடவை வந்து, குறிப்பேட்டில் தனக்கு விரும்பிய ஒரு நாளைத் திறந்து, "இந்த நாள் என்ன நடந்தது, வேலைத்திட்டத்தில் அது எங்கே தெரிகிறது, யாருக்கு எழுதினீர்கள்" என்று கேட்டால் அரை மணியில் எல்லாம் வெளிக்கும். ஒப்படை வாங்கிக் கொடுத்தவர் அங்கே மாட்டுவார்.

கடைசியாக, டி.ஓ. சைட்டுக்கு வராத நாளில் குறிப்பேட்டில் யார் ஒப்பமிடுவது என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். அன்றைய பக்கத்தைப் படமெடுத்து அன்றே மின்னஞ்சலில் அவருக்கும் பொறியியலாளரின் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வார முடிவில் ஏழு பக்கத்தின் பிரதியை ஒரு மேற்கடிதத்தோடு கையளித்து முத்திரை வாங்குங்கள். மறுப்பு இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தரும்படி அந்த மேற்கடிதத்தில் கேளுங்கள். இந்த 7 நாளுக்கு ஒப்பந்தத்தில் பலம் இருக்காது, ஆனாலும் ஆறு மாதம் கழித்து "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கு இடம் வைக்காது.